குசினிக்குச் சிம்னி வாங்கிய கதை



புதுச்சேரியில் எங்கள் வயதுக்காரர்கள் சமையலறையை இன்னும் குசினி என்றுதான் சொல்வோம். பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போன சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அவனுக்கும் முன்னால் வந்த போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எப்படியோ, அந்தக் குசினியைப் புதுப்பிக்கும் வேலை போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்தது. டைல்ஸ், கிரானைட், அலமாரி எல்லாம் இரண்டே நாளில் முடிவாகிவிட்டன. மூன்று வாரம் பேச்சும் மனஸ்தாபமும் ஓடியது ஒரே ஒரு சாமானுக்காகத்தான். அடுப்புக்கு மேலே புகையை இழுக்கிற சிம்னி. வீட்டைப் புதுப்பிக்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஏன் சிம்னி என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு ஐந்தாறு வருஷமாக இளைப்பு இருக்கிறது. சிகரெட், பீடி வாடையே எங்கள் வீட்டில் கிடையாது. நுரையீரல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷம் விறகு அடுப்புல சமைச்சீங்கம்மா?" என்பதுதான். 1976-ல் கல்யாணமாகி வந்தவள். விறகு, மரத்தூள் அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ் என்று எட்டு வருஷம் ஓடியது. எங்கள் முறை வந்து கேஸ் கிடைத்தது 1984-ல். கேஸ் வந்ததும் புகை ஒழிந்தது என்றுதான் எல்லோரையும் போல நாங்களும் இருந்தோம். மருத்துவர்தான் விளக்கினார். கேஸ் எரியும்போது கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது. அதைவிட, எண்ணெய் காய்ந்து தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எழுகிற புகையில் நுரையீரலின் கடைசி வரை போகக்கூடிய நுண்துகள்கள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அதிகச் சூட்டில் பொரிக்கும்போது வரும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற வகையில் 2010-லேயே சேர்த்திருக்கிறது. "புகை அவங்க மூஞ்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே வெளியே போகணும், அதுக்கு வழி பண்ணுங்க" என்றார். மருந்துச் சீட்டில் எழுதாத மருந்து இது.

பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொன்னேன். "சிம்னி மட்டும் எதுக்குப்பா, கிச்சனையே மாத்திடலாம்" என்றான். அம்மாவுக்கு நல்லதாக ஒன்று செய்ய வேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஆசை. உள்அலங்காரம் செய்யும் ஒரு இளைஞரை அனுப்பி வைத்தான். அவர் மடிக்கணினியில் படம் காட்டினார். குசினிக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் போய்விடும். அறைக்கு நடுவில் ஒரு மேடை, அதற்குப் பெயர் ஐலேண்ட், அதில் அடுப்பு பதிந்திருக்கும். புகைக்கு? கூரையோடு கூரையாக, வெள்ளைப் பலகை போல ஒன்று. விளக்கு என்றே நினைக்கத் தோன்றும். "சீலிங் ஹூட் அங்கிள். கண்ணுக்கே தெரியாது. இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்றார். படம் அழகாகத்தான் இருந்தது. மகன் கைபேசியில் பார்த்துவிட்டு உடனே சரி என்றான்.

நான் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன். மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டு அட்டவணை போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதாமல் ஒரு நாற்காலி கூட வாங்கிப் பழக்கமில்லை. ஆகவே கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

பாரிஸ் புறநகரில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் விவரம் கேட்டேன். அங்கே இந்தக் கூரை வகை பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு கம்பெனியின் பொருத்தும் குறிப்பேட்டை அனுப்பி வைத்தான். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்ததற்கு, ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த பயன்களில் இதுவும் ஒன்று. பிரெஞ்சில் இந்தச் சாதனத்துக்கு 'ஒத்' என்று பெயர். முதுகில் சுமக்கும் கூடைக்கும் அதே சொல்தான். திராட்சை அறுப்பவர்கள் முதுகில் மாட்டிக்கொள்வதும், கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மை கொண்டுவருவதும் 'ஒத்'தில்தான். இதைக் கவிழ்த்துப் பிடித்த ஒரு கூடை என்று நினைத்துக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். கூடை கிட்டே இருந்தால் விழுகிறது எல்லாம் அதில் விழும். தள்ளிப் போகப் போக, கூடை பெரிதாக வேண்டும். காற்றும் அடிக்கக் கூடாது.

சூடான காற்று லேசானது, அதனால் மேலே போகிறது. ஆனால் தனியாகப் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, அகலமாகிக்கொண்டே, வேகம் குறைந்துகொண்டே போகிறது. சாதாரணச் சிம்னியை அடுப்புக்கு மேலே 65 முதல் 75 சென்டிமீட்டரில், அதாவது இரண்டேகால் அடி, இரண்டரை அடியில் மாட்டுவதற்குக் காரணம் இதுதான். அங்கே புகை இன்னும் ஒரு தூண் போலக் கட்டுக்கோப்பாக இருக்கும்.

டேப் எடுத்து அளந்தேன். எங்கள் குசினி பின்கட்டில் பிற்பாடு போட்ட கான்கிரீட் கூரை. உயரம் 10 அடி, 120 அங்குலம். மேடை உயரம் 34 அங்குலம். கூரைக்கு உள்ளே கருவியும் குழாயும் மறைய வேண்டுமானால் ஃபால்ஸ் சீலிங்கை ஒரு அடி இறக்க வேண்டும். அப்படி இறக்கினாலும் அடுப்புக்கும் சிம்னிக்கும் நடுவே 74 அங்குலம், ஆறு அடிக்கு மேல். பிரான்சில் இப்போது கட்டும் அடுக்குமாடிகளில் கூரை பெரும்பாலும் 2.50 மீட்டர்தான், நம் கணக்கில் எட்டேகால் அடி. ஃபால்ஸ் சீலிங்கும் போட்ட பிறகு மேடைக்கும் கூரைக்கும் நடுவே ஐந்தடிக்குக் கீழேதான் வரும். தலைக்கு மேலே ஃபேன் சுற்றாது. அடுப்பு பெரும்பாலும் மின்சார அடுப்பு. அந்த வீட்டுக்கு அது பொருந்துகிறது. நம் வீட்டில் வெயில் காலத்தில் ஃபேன் இல்லாமல் யாரால் உட்கார முடியும்? சுவரை எடுத்துவிட்டால் கூடத்து ஃபேனின் காற்று நேராக அடுப்புக்குத்தான் வரும். மத்தியானம் ஆனால் கடற்காற்று வேறு கிழக்கு ஜன்னல் வழியாக வரும்.

சமையலிலும் வித்தியாசம் இருக்கிறது. வெங்காயம், பூண்டு, உளுந்து எல்லாம் இடித்து வெயிலில் காய வைக்கிற வடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து போய் பிரெஞ்சுச் சமையலில் 'வதுவான்' என்ற பெயரில் அது இப்போது பிரபலம். அங்கே அதை வெண்ணெயில் மெதுவாகப் புரட்டுகிறார்கள். இங்கே காய்ந்த நல்லெண்ணெயில் போட்டுத் தாளிக்கிறோம். தெரு முனைக்கு வாசம் போகும். அந்த அரை நிமிஷப் புகையில்தான் என் மனைவிக்கு மூச்சு முட்டும்.

மகனிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். "மோட்டார் பவர் ஜாஸ்தி இருக்கறதா வாங்கிட்டா சரியாயிடும்பா" என்றான். கொஞ்சம் வருத்தம் குரலில் தெரிந்தது. தான் கொடுக்க நினைப்பதை அப்பா கணக்குப் பார்த்துத் தட்டிவிடுகிறார் என்று நினைத்திருப்பான்.

இந்தப் பவர் விஷயத்தையும் பார்த்தேன். விளம்பரங்களில் மணிக்கு 1200 கன மீட்டர் என்று பெரிதாகப் போட்டிருக்கும். எங்கள் குசினி 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி; 1200 கன அடி, சுமார் 34 கன மீட்டர். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அறைக் காற்று மாறினால் போதும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படியானால் 340 முதல் 400 போதும். சுவரை எடுத்துக் கூடத்தோடு சேர்த்தால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகும். பெட்டியில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் குழாய் மாட்டாமல் அளந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குழாயின் நீளமும் ஒவ்வொரு வளைவும் அதைக் குறைக்கும். பிளம்பர்கள் வசதிக்காக 6 அங்குலக் குழாயை 4 அங்குலமாகக் குறுக்கிவிடுவது உண்டு. 6 அங்குலக் குழாயின் வாய் 4 அங்குலத்தைப் போல இரண்டேகால் மடங்கு. குறுக்கினால் காசு கொடுத்து வாங்கிய மோட்டார் சத்தம் மட்டும்தான் போடும்.

கணக்கெல்லாம் காகிதத்தில் சொன்னால் யாருக்கும் ஏறாது. ஒரு சனிக்கிழமை மகன் வந்திருந்தான். மேஸ்திரி ஏற்கெனவே நடுச்சுவரை இடித்திருந்தார். ஐலேண்ட் வரப்போகிற இடத்தில் ஒரு மேசையைப் போட்டு, மேலே பலகை வைத்து, மேடை உயரத்துக்குக் கொண்டுவந்தேன். மின்சார அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, பக்கத்தில் ஒரு கொத்து ஊதுபத்தியைக் கொளுத்தி மகன் கையிலேயே கொடுத்தேன். ஜன்னல் திறந்திருந்தது. கூடத்து ஃபேனை மூன்றில் வைத்தேன். புகை இரண்டு அடி வரை நேராக ஏறியது. அதற்கு மேல் ஆடியது. தலை உயரத்துக்கு வந்ததும் வளைந்து மெல்ல மேற்கே, கூடத்துப் பக்கம் போக ஆரம்பித்தது. அங்கே சாப்பாட்டு மேசை நாற்காலியில் என் மனைவி கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளை அங்கே உட்கார வைத்தது நானில்லை. அது அவள் எப்போதும் உட்காரும் இடம். புகை வந்ததும் இருமினாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னும் எத்தனை நேரம் இந்தப் பூசை?" என்றாள்.

மகன் ஊதுபத்தியை அணைத்துவிட்டான். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, உனக்கு எப்படி இருந்தா வசதி?" என்று கேட்டான்.

மூன்று வாரத்தில் அந்தக் கேள்வி முதல் தடவையாக அவளிடம் போனது அப்போதுதான். அவள் இரண்டே விஷயம் சொன்னாள். "புகையை எடுக்கற சாமான் என் கைக்கு எட்டணும். துடைக்கறதுக்கு யாரையும் ஏணி போட்டு ஏறச் சொல்லிக் கெஞ்ச மாட்டேன்." இது எங்கள் யாருக்கும் தோன்றாத பாயின்ட். சிம்னியின் வடிகட்டியை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும். நம் சமையலுக்கு இன்னும் சீக்கிரமே. கூரையில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஏணிதான். வீட்டில் இருக்கும் இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஏணி ஏறி இடுப்பு ஒடிவதற்கு மூச்சு முட்டுவதே மேல்.

வடிவமைப்பாளர் இளைஞர் நல்ல பையன். கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப தொங்கற மாடல் போடலாம் ஆன்ட்டி. ஆனா நடுவுல மறைக்கும், மகன் தலையில இடிக்கும்" என்றார். கூரையிலிருந்து தண்டு மாதிரி இறங்கி வந்து அடுப்புக்கு நேர் மேலே நிற்கிற வகை அது. மேடை 34, அதற்கு மேல் 28 அங்குலம், ஆக 62 அங்குலம், ஐந்தடி இரண்டு. என் மனைவி நாலடி பதினொன்று. மகன் ஐந்தடி பத்து. "வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து ஆம்லெட் போடறவன் தலையைப் பார்த்தா முடியுமா?" என்றாள். மகனே சிரித்துவிட்டான். அத்தோடு தீர்மானம் ஆயிற்று.

வாங்கும்போது நாங்கள் பார்த்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அகலம்: அடுப்பு 75 சென்டிமீட்டர் என்றால் சிம்னி 90. சுவரோடு ஒட்டிய அடுப்புக்குச் சுவரே ஒரு பக்கம் புகையைத் தடுத்துக் கொடுக்கும். நடுவில் இருக்கும் அடுப்புக்கு அந்த உதவி கிடையாது. அதனால் கட்டாயம் பெரிதாக இருக்க வேண்டும்.

வடிகட்டி: வலை போட்டது நம் தாளிப்புக்கு அடைத்துக்கொள்ளும். பேஃபில் என்று சொல்கிற பட்டைத் தகடு வகை நல்லது. காற்று அதில் சட்டென்று வளைந்து போக வேண்டியிருக்கிறது; எண்ணெய்த் துளியால் அப்படி வளைய முடியாமல் தகட்டில் மோதி ஒட்டி, வழிந்து கீழே கிண்ணத்தில் சேர்கிறது.

வெளியேற்றம்: குழாய் வைத்து வெளியே விடுவதுதான் சரி. கரி வடிகட்டி போட்டுக் காற்றை மறுபடி அறைக்குள்ளேயே விடும் வகையும் விற்கிறார்கள். அது வாசத்தைக் குறைக்கும்; ஈரமும் சூடும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். என் சித்தப்பா மகன் வீட்டில் அந்த வகைதான், ஆனால் அவனுக்கு வேறு வழியில்லை. அங்கே 1982-ல் வந்த அரசாணைப்படி வீடு முழுக்க எப்போதும் காற்று மாறிக்கொண்டிருக்க ஏற்பாடு உண்டு. அடுக்குமாடியின் பொதுக் காற்றுக் குழாயில் மோட்டார் வைத்த 'ஒத்'தை இணைக்கக் கூடாது. இணைத்தால் இவன் வீட்டுக் குழம்பு வாசம் மேல் மாடிக்குப் போகும். நமக்கு வெளிச்சுவர் இருக்கிறது. ஆறு அங்குலக் குழாய், ஒரே ஒரு வளைவு, ஐந்தடி தூரம், வாயில் காற்று திரும்பி வராமல் தடுக்கும் மூடி.

காற்று உள்ளே வரும் வழி: வெளியே போகிற அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுச் சிம்னி இழுக்கவில்லை என்று சொல்லக் கூடாது. அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, தள்ளி இருக்கும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பக்கத்து ஜன்னல் காற்று புகையைக் கலைத்துவிடும்.

உப்புக்காற்று: கடலோரத்தில் சாதாரணத் தகடு இரண்டே வருஷத்தில் துரு ஏறும். 304 தர எவர்சில்வரா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கினேன்.

தாங்கும் பலம்: கான்கிரீட் கூரையில் போல்ட் அடித்துத் தொங்க விடலாம். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரையில், கண்ட இடத்தில் துளை போடக் கூடாது. அந்த வேலை தெரிந்த மேஸ்திரியைக் கேட்ட பிறகுதான் துரப்பணத்தை எடுக்க வேண்டும்.

கூரை வகை எல்லோருக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. கூரை தாழ்வாக இருந்து, சிம்னி அடுப்பை விட நாலாபுறமும் தாராளமாகப் பெரிதாக இருந்து, ஃபேன் காற்று படாமல், அவித்ததும் வேக வைத்ததும் அதிகமாகச் சாப்பிடும் வீடாக இருந்து, சுத்தம் செய்ய ஏணி ஏறும் வயதில் ஆளும் இருந்தால் தாராளமாகப் போடலாம். இவற்றில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை.

நான் போட்ட ஒப்பீட்டு அட்டவணையைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். விலை, உழைப்பு, சத்தம், உத்தரவாதம், சர்வீஸ் என்று ஒன்பது பத்தி. பத்தாவதாக ஒன்று சேர்த்து, 'சமைப்பவர் கருத்து' என்று தலைப்பிட்டு, கோப்பில் வைத்திருக்கிறேன். மகள் வீட்டிலும் அடுத்த வருஷம் குசினி வேலை வரப்போகிறது.

சிம்னி மாட்டி எட்டு மாதம் ஆகிறது. அவளுடைய இளைப்பு போய்விட்டது என்று எழுத மாட்டேன். இன்ஹேலர் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் வடகம் தாளிக்கும்போது கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடுவது நின்றுவிட்டது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அவளே கிண்ணத்தைக் கழற்றி என்னிடம் கொடுப்பாள், வாசலில் கொட்டிக் கழுவிக்கொண்டு வருவது என் வேலை. அடியில் இரண்டு மூன்று ஸ்பூன் பழுப்பு எண்ணெய் பிசின் போல ஒட்டியிருக்கும். நாற்பது வருஷத்துக்கு மேலாக இதில் ஒரு பங்கு சுவருக்கும் கூரைக்கும் போனது. மீதிப் பங்கு எங்கே போயிருக்கும் என்பதை, கழுவும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.